மண்ணுக்குக் கொடுத்த முகம்

வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து, கதவைத் தாழிட்டு, சோளரொட்டியைப் பிய்த்துக் கடுகுக்கீரையில் தோய்த்து வாயில் வைக்கப்போகும் நேரத்துக்குத்தான் ஷார்ஜாவிலிருந்து மகன் அலம்ஸேபின் அழைப்பு வரும். மூன்று வருஷமாக அதில் மாற்றமில்லை. அன்றும் வந்தது. ஆனால் குரல் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவனின் குரலாக இருந்தது.

"என்னடா, சளியா?" என்றார் பக்த்ரவான்.

"சளி இல்ல பாபா. காலையில சாரத்துப் பலகை ஒண்ணு மூஞ்சியில வந்து மோதிடுச்சு. மூக்கு நுனி கிழிஞ்சுபோச்சு. நாலு தையல்."

"கண்ணை எங்க வச்சுக்கிட்டு நடக்குற? மூக்கு போனவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"மீசை பத்திரமா இருக்கு பாபா. அதைப் பாத்துக் குடுக்கட்டும்."

இருவரும் சிரித்தார்கள். ஷார்ஜாவில் வெயில் குறைந்துவிட்டதாம். வரும் ரம்ஜானுக்கு லீவு கிடைத்துவிடுமாம். போன ரம்ஜானுக்கும் இதையேதான் சொன்னான். பேச்சு முடிந்ததும் வீடு பழையபடி வாயை மூடிக்கொண்டது. மிச்ச ரொட்டியைக் கையில் பிடித்தபடியே பக்த்ரவான் பின்கட்டுப் பட்டறைக்குப் போனார். அங்கே சுவரில் சாய்ந்து நின்ற சிலையின் மூக்கு நுனி தரையில் கல்தூளுக்கு நடுவே கிடந்தது. அன்று காலையில்தான் அவர் அதைத் தட்டி உடைத்திருந்தார். வாயிலிருந்த ரொட்டியை மெல்லக் கொஞ்ச நேரம் மறந்துபோனார்.

பெஷாவர் பக்கத்து மர்தான் சமவெளி முடிந்து மலை ஏறத் தொடங்கும் அந்த ஊரில் எந்த வயலைக் கிளறினாலும் ஒரு கல்தலையோ கல்காலோ தட்டுப்படும். அப்படிக் கிடைப்பதெல்லாம் அருங்காட்சியகத்துக்குப் போய்விடும். தரகர்களுக்குப் போவது, பழசென்று விற்பதற்காகப் பக்த்ரவான் செய்கிற சிலைகள். பலகை பலகையாகப் பிளக்கிற, உள்ளே மினுமினுக்கிற அதே சாம்பல் கல். தோளிலிருந்து பாதம் வரை சிக்கந்தர் என்கிற அலெக்சாண்டரோடு வந்த கிரேக்கர்கள் விட்டுப்போன அதே துணிமடிப்பு. அலையலையான தலைமுடி, உச்சியில் ஒரு கொண்டை, பாதி மூடிய கண், நம்மூர்க்காரன் போல மேலுதட்டில் ஒரு மீசை. இன்னும் புத்தராகாத போதிசத்துவர் என்றால் மீசை இருந்தே ஆகவேண்டும். இந்த வேலையில் செதுக்குவது பாதிதான். மீதி, உடைப்பது. முழுசாக இருக்கிற சிலையை எவனும் நம்பமாட்டான். மூக்கு, வலது கை, தலைக்குப் பின்னாலிருக்கும் வட்டத்தின் ஓரம் என்று காலம் எந்த வரிசையில் உடைக்குமோ அந்த வரிசையில் உடைக்கத் தெரிந்தவனைத்தான் உஸ்தாத் என்பார்கள். ஊர்க்காரர்கள் பொம்மைக்காரன் என்பார்கள். அவர் இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார்.

தொழிலில் ஒரே ஒரு கட்டுப்பாடு. முகம் யாருடையதாகவும் இருக்கக் கூடாது. பழைய படங்களை அருகில் வைத்துக்கொண்டு, நெற்றி ஒன்றிலிருந்தும் தாடை இன்னொன்றிலிருந்துமாக எடுக்கவேண்டும். தெரிந்தவன் சாயல் விழுந்தால் சரக்கு மாட்டிக்கொள்ளும் என்பதுதான் காரணம். வேறு காரணம் இருந்ததாக எவரும் சொன்னதில்லை.

இந்தத் தடவை அவர் படங்களை எடுக்கவேயில்லை. மனைவி ஸர்மீனா இறந்து ஆறு வருஷம், மகன் போய் மூன்று வருஷம். ஒரு நாளைக்கு வாய் திறந்து பேசுவது பால்காரனிடம் இரண்டு வார்த்தை. மற்றபடி உளி சத்தம்தான். கார்த்திகைக் குளிரில் ஒரு பிற்பகல், எதையோ யோசித்துக்கொண்டு தாடையை இழைத்துக்கொண்டிருந்தவர் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, எதிரே அலம்ஸேப் நின்றான். ஐந்து வயதுப் பிள்ளையின் உயரத்தில், இருபத்தாறு வயது முகத்தோடு. இடது புருவம் வலதைவிட ஒரு நூல் உயரம், அது உட்பட. அழித்திருக்க வேண்டும். அவருக்கு மனசு வரவில்லை. அதற்குப் பிறகு சாப்பாட்டுத் தட்டைப் பட்டறைக்கே கொண்டுவந்து அதன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? தனியாக இருந்து பார்த்தவனுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தரகன் குல்பாச்சா வந்தான். வாசனைத் தைலமும் பிக்கப் வண்டியின் டீசலும் கலந்து மணக்கிற ஆள். சிலையைச் சுற்றி ஒரு சுற்று வந்தான். கன்னத்தைத் தட்டிப் பார்த்தான்.

"உஸ்தாத், இந்த ஆளை நான் எங்கயோ பாத்திருக்கேனே. நேத்து கடைத்தெருவுல என் பக்கத்துல உக்காந்து கபாப் தின்னவன் இல்ல?"

"ரெண்டாயிரம் வருஷத்து ஆளுடா. உன் பக்கத்துல எங்க வந்து உக்காரப் போறான்?"

"மூஞ்சி நல்லா உயிரா இருக்கு, அதான் பயமா இருக்கு. கை ஏன் இன்னும் முழுசா நிக்குது? மணிக்கட்டோட எடுத்துடு. நாளைக்குச் சாயங்காலம் வண்டி கொண்டாறேன், குழி ரெடி."

"இதை இன்னும் கொஞ்ச நாள்..."

"கொஞ்ச நாள் வச்சு என்ன பண்ணப் போற, கல்யாணமா? நான் செவ்வாய்க்கிழமை கராச்சி போறேன். நாளைக்கே மண்ணுக்குக் குடுத்துடணும்."

அவன் போனபின் பக்த்ரவான் ஈரச்சாக்கை எடுத்துக் கல்லின் வலது முன்கையில் சுற்றினார். அபயம் காட்டி உயர்ந்திருந்த கை. ஒரே அடி. எப்போதும் இந்த இடத்தில் கல் உலர்ந்த சுள்ளி போல 'டக்' என்று போகும். அன்று சத்தம் மந்தமாக, ஏதோ சதைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. சாக்கை அவிழ்த்தார். கை அவர் உள்ளங்கையில் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் நின்ற கல் என்று சொல்லிக்கொண்டார். நான்கு நாளாகப் பனிமூட்டம், வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் மாலை குல்பாச்சா ஆட்களோடு வந்தான். மண்ணுக்குக் கொடுப்பது என்றால், கல்லில் பழமை ஏறுவதற்காக உப்பும் எருமைச்சாணமும் துருவும் போட்ட குழியில் ஒரு மழைக்காலம் புதைத்துவைப்பது. எந்தக் குழி என்பது செதுக்கியவனுக்குத் தெரியக் கூடாது. நாளைக்குப் போலீஸ் பிடித்து உதைத்தாலும் சொல்ல அவனிடம் ஒன்றும் இருக்கக் கூடாது அல்லவா? அதனால் வண்டி சத்தம் அடங்கும்வரை அவன் சுவரைப் பார்த்து நிற்கவேண்டும். பக்த்ரவான் நூறு தடவை அப்படி நின்றிருக்கிறார். அன்று சுவரைப் பார்த்து நின்றபோது, நான்கு பேர் மூச்சுவாங்கத் தூக்கிப்போன அந்தச் சாக்குமூட்டை வாசலைக் கடக்கையில், கழுத்து தானாகத் திரும்பப் போனது. திருப்பவில்லை. கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். ஷார்ஜாவுக்குப் பையன் கிளம்பிய அன்றும் இப்படித்தான், அழுகை தெரியக்கூடாது என்று அவர் சுவரைப் பார்த்து நின்றார்.

அன்று இரவே ஊர் டிரான்ஸ்பார்மர் வெடித்து மின்சாரம் போனது. பனி இறங்கி வீட்டைச் சுற்றி நின்றது. செவ்வாய் முழுவதும் வெளியிலிருந்து வந்த ஒரே சத்தம் ஊர்க்கோடி வெல்ல ஆலையின் டீசல் இயந்திரம். பக்கத்து வீட்டு ஆடுகூட அன்று கத்தவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனவர், வெறும் சுவரின் எதிரில் உட்கார்ந்து, சாப்பிடாமலே எழுந்துவந்தார்.

புதன்கிழமை விடிந்து வெகுநேரம் கழித்து, பட்டன் போனைக் காதில் வைத்திருந்தார். மணி அடித்ததா, தானாக எடுத்தாரா என்று அவருக்கே பிறகு நினைவில்லை.

"பாபா."

"அலம்ஸேபா? என்னடா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்லையே?"

"வலது கை போயிடுச்சு பாபா."

அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"கம்பி வளைக்கிற மெஷின்ல மாட்டிக்கிச்சு. ஞாயித்துக்கிழமை. மணிக்கட்டோட."

முதலில் மூக்கு. பிறகு மணிக்கட்டோடு கை. எந்த வரிசை என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவன் அந்த மாவட்டத்தில் இல்லை. என் பிள்ளையை நானே உடைத்தேன் என்று வாய்விட்டுச் சொன்னார். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது, அதுவும் வாய்வழி மூச்சு.

"எங்கடா இருக்க? எந்த ஆஸ்பத்திரி?"

"தெரியல. படுக்க வச்சிருக்காங்க. விளக்கே போடல. போர்வை ரொம்பக் கனமா இருக்கு பாபா. ஈரமா இருக்கு."

"கூட யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல."

பேச்சு அறுந்தது. குல்பாச்சாவைக் கூப்பிடப் பொத்தான்களை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. அவன் வீட்டுக்கே ஓடினார். கராச்சி போய்விட்டான், எப்போது வருவான் என்று தெரியாது என்று கதவு இடுக்கு வழியாகப் பதில் வந்தது. குழி எங்கே? யாருக்கும் தெரியாது. வண்டியில் வந்த கூலிகளும் அவனோடேயே போயிருந்தார்கள். பக்த்ரவான் சாயங்காலம் வரை வயல் வயலாக நடந்தார். புதுமண்ணாகத் தெரிந்த இடத்தையெல்லாம் கையால் கிளறினார். ஒரு எலிவளையைக்கூட விடவில்லை. மகனை மண்ணுக்கடியில் வைத்துவிட்டு எந்த இடம் என்று தெரியாமல் நிற்கிற தகப்பன் அந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

வியாழக்கிழமை மதியம் மறுபடி அந்தக் குரல். பனியில் முற்றமே தெரியவில்லை. போனின் திரை இருட்டாக இருந்தது. பழைய போன், அப்படித்தான் இருக்கும்.

"பாபா, வாய்க்குள்ள என்னமோ போகுது. துப்பத் துப்ப வருது."

"அலம்ஸேபு, நல்லா கவனி. உன்னைச் சுத்தி என்ன கேக்குது? என்ன வாசம் வருது? சொல்லுடா கண்ணு."

குரல் மெல்ல வந்தது. "மேல என்னமோ டக்கு டக்குனு ஓடுது. தரையே அதிருது. இனிப்பா ஏதோ தீயுது பாபா. வெல்லம் காயுற மாதிரி."

ஷார்ஜாவில் எவன் வெல்லம் காய்ச்சுகிறான்? அவர் அதை யோசிக்கவில்லை. யோசிக்க அவருக்கு விருப்பமும் இல்லை. மண்வெட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஊர்க்கோடி வெல்ல ஆலைக்கு ஓடினார்.

பகல் இரண்டு மணிக்கே அங்கே அந்தி போல இருந்தது. ஆட்கள் கொப்பரையைச் சுற்றிக் குளிர் காய்ந்துகொண்டு நின்றார்கள், முகங்கள் தெரியவில்லை. இயந்திரம் ஓடியது. கொப்பரைக் கூடத்துக்குப் பின்னால், கரும்புச்சக்கை குவித்திருக்கும் இடத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவில், மண் காலில் அமுங்கியது. சாணமும் துருவும் மணத்தன. வெட்டினார். முழங்கால் ஆழம். இடுப்பாழம். வேர்வை கண்ணில் இறங்கியது. சட்டைப் பையில் போன்.

பையிலிருந்து குரல் வந்தது.

"மெதுவா பாபா. மூஞ்சியில படப்போகுது."

மண்வெட்டியைத் தூர எறிந்தார். கையால் பறித்தார். நகம் பிய்ந்தது. சாக்கு. சாக்குக்குள் நெற்றி. இடது புருவம், ஒரு நூல் உயரம். மண்ணை வழித்துவிட்டபோது வாய் நிறைய மண் இருந்தது. சுண்டுவிரலை விட்டுத் தோண்டி எடுத்தார், குழந்தைக்கு எடுப்பதுபோல. அந்த உதடுகளை அவர் மூடித்தான் செதுக்கியிருந்தார். அது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் விரலை எடுக்கவில்லை.

நான்கு பேர் தூக்கிப்போன கல்லை அவர் ஒற்றை ஆளாகக் குழியிலிருந்து தூக்கினார். ஆலையின் தள்ளுவண்டி ஒன்றில் கிடத்தி, கரும்புச்சக்கையால் மூடி, வீட்டுக்குக் கொண்டுவந்தார். வழியில் எதிர்ப்பட்ட பால்காரன், "என்ன உஸ்தாத், சக்கையெல்லாம் சுமக்கிற நிலைமைக்கு வந்துட்டீங்க?" என்றான். "குளிருக்கு" என்றார்.

வெந்நீர் வைத்துக் கழுவினார். கடுகெண்ணெய் தடவினார். உடைந்த மணிக்கட்டில் ஸர்மீனாவின் துப்பட்டாவைக் கிழித்துச் சுற்றினார். மகனுடைய கட்டிலில் படுக்கவைத்து, பஞ்சுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். இனி இதை யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. குல்பாச்சா வந்து காலில் விழுந்தாலும் சரி, காலை உடைத்தாலும் சரி. உடையாமல் நான் பார்த்துக்கொண்டால் அவனுக்கு இனி ஒன்றும் ஆகாது என்று நினைத்தார். கை போனால் என்ன? பிள்ளை இருக்கிறான். ஊருக்கு வரட்டும், ஒற்றைக்கையனை நான் உட்காரவைத்துச் சோறு போடுகிறேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் போனைக் காதில் வைத்தார்.

"இப்ப எப்படிடா இருக்கு?"

"கனம் போயிடுச்சு பாபா. சூடா இருக்கு. தூக்கம் வருது."

அவர் அழுதார். வெட்கமில்லாமல், மூக்கொழுக அழுதார். அன்று மூன்று வருஷத்தில் முதல்தடவையாக விடியும்வரை அயர்ந்து தூங்கினார். வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து, தன்னையறியாமல் இரண்டு கோப்பைகளில் ஏலக்காய் போட்டுப் பச்சைத் தேநீர் ஊற்றினார். ஒன்றை அந்தக் கட்டில் பக்கத்து முக்காலியில் வைத்தார். அறையில் இன்னொருவர் இருக்கிற நிறைவு அவருக்குப் பிடித்திருந்தது. இவ்வளவு நாள் இது இல்லாமல் எப்படி உயிரோடு இருந்தோம் என்று ஆச்சரியமாக இருந்தது.

தொழுகை முடிந்து வந்தபோது பல்பு எரிந்துகொண்டிருந்தது. டிரான்ஸ்பார்மரைச் சரிசெய்துவிட்டார்கள். போனைச் சார்ஜரில் செருகினார். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு திரையில் வெளிச்சம் வந்தது. செத்துக்கிடந்த போன் உயிர்பெறும்போது வாசிக்கும் அந்தச் சின்னப் பாட்டு வாசித்தது.

பக்த்ரவான் அந்தப் பாட்டைக் கேட்டபடி நின்றார். அப்படியானால் இது இத்தனை நாளும் அணைந்திருந்ததா?

உடனே மணி அடித்தது.

"சாச்சா! அல்லாவே, ஒருவழியா எடுத்தீங்களே! நூர்ஷேர் பேசறேன் சாச்சா, அலம்ஸேபோட ரூம்காரன். நாலு நாளா அடிக்கிறேன், ஸ்விட்ச் ஆஃப், ஸ்விட்ச் ஆஃப்னே வருது."

"டவர்... கரண்டு இல்ல. திங்கக்கிழமையிலிருந்து."

"சாச்சா, உக்காந்துக்குங்க. மனசைக் கல்லாக்கிக்குங்க. ஞாயித்துக்கிழமை அவன் கை மெஷின்ல..."

"தெரியும். அவன்தான் சொன்னான்."

"யாரு சாச்சா சொன்னது?"

"அலம்ஸேபுதான். புதன்கிழமை சொன்னான். நேத்துகூடப் பேசினான்."

"சாச்சா." நூர்ஷேரின் குரல் உடைந்தது. "ரத்தம் நிறையப் போயிடுச்சு. திங்கக்கிழமை சாயங்காலம், மஃரிப் பாங்கு சொல்ற நேரம், நான்தான் பக்கத்துல இருந்தேன். உங்களைத்தான் கேட்டான். போயிட்டான் சாச்சா. நாளைக்குக் காலையில பெஷாவர் ஏர்போர்ட்டுக்குப் பெட்டி வருது. ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வாங்க. சாச்சா? கேக்குதா?"

திங்கட்கிழமை மாலை. பாங்கு நேரம். அவர் அப்போது சுவரைப் பார்த்து நின்றார்.

வெளியே பனி. ஆலை ஓடவில்லை. ஊரில் ஒரு சத்தமும் இல்லை.

முதுகுக்குப் பின்னால் கட்டில் கயிறு நெறுநெறுத்தது.

அவர் திரும்பவில்லை. தேநீர்க் கோப்பை முக்காலியில் தட்டிற்று. யாரோ குடித்துவிட்டு வைத்ததுபோல. வாய்வழி மூச்சு. ஈரமண் வாசம்.

"பாபா," என்றது அந்த மூக்கடைத்த குரல், போனிலிருந்து அல்ல. "யாரு போன்ல?"

நூர்ஷேர் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்த்ரவானின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானைத் தேடி அழுத்தியது.

"யாருமில்லடா," என்றார். "ராங் நம்பர்."

மெல்லத் திரும்பினார். போர்வையின் ஓரம் உள்ளேயிருந்து உயர்ந்துகொண்டிருந்தது. அதைத் தூக்கிப் பிடித்திருந்தது கையில்லாத ஒரு சாம்பல்நிற மணிக்கட்டு. துப்பட்டாக் கிழிசலில் சிவப்பு ஊறிச் சொட்டியது. போர்வைக்கடியில் இருட்டு. ஒரு ஆள் படுக்க இடம்.

"குளிருது பாபா. வாங்க. பக்கத்துல படுங்க."